மண் விடாத சீசியம்

ஒரு கிலோ மண்ணில் பத்தாயிரம் பெக்கரல் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். நொடிக்குப் பத்தாயிரம் அணுக்கள் அதில் சிதைந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். ஆனால் அவ்வளவையும் வெளியிடும் சீசியம்-137ஐத் திரட்டி எடை போட முடிந்தால் சுமார் 3 நானோகிராம் தேறும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் மூன்று பங்கு. அதே ஒரு கிலோ மண்ணில் கதிரியக்கமே இல்லாத இயற்கைச் சீசியம் சில மில்லிகிராம் கிடக்கும். நாம் தேடுவதைப் போல அது ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு. வேதியியலுக்கு இரண்டும் ஒன்றுதான். எந்த அமிலமும் ஆள் பார்த்துக் கரைப்பதில்லை.

"இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு வாருங்கள், பிறகு கையுறை தருகிறேன்" என்றார் சென்சே.

நாகர்கோவிலில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்காக ஜப்பான் போயிருந்தேன். ஃபுகுஷிமா மண்ணிலிருந்து சீசியத்தை வேதிக் கரைசல்களால் பிரித்தெடுக்கும் ஆய்வு. ஆய்வகத்தில் லீச்சிங் என்றே சொல்வோம். பேராசிரியர் வேறு ஒருவர். நான் ஆசானாக நினைப்பது அங்கே கருவிகளையும் கரைசல்களையும் பார்த்துக்கொண்டிருந்த மூத்த டெக்னீஷியனை. அறுபதைத் தாண்டியவர், தாதுக்களிலிருந்து உலோகத்தைக் கரைத்தெடுக்கும் வேலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். ஆசான் என்று பொருள்படும் சென்சே என்ற அழைப்பு பேராசிரியருக்கு உரியது என்று அவர் கூச்சப்பட்டு மறுப்பார். நான் விடவில்லை. அவருடைய ஜப்பானிய மொழிக்கு நடுவே ஆங்கிலச் சொற்கள் விழும், என்னுடைய ஆங்கிலத்துக்கு நடுவே ஜப்பானியம் தடுமாறும். தராசுக்கு முன்னால் நின்றுவிட்டால் இரண்டுமே அதிகம் தேவைப்படவில்லை.

2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் வந்து, ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் உலைகள் உருகிய கதை தெரிந்ததே. காற்றில் கலந்து வெளியேறிய பொருட்களில் நீண்ட காலத் தொல்லை தருபவை சீசியம்-134, சீசியம்-137 என்ற இரண்டும். முதலாவதன் அரை ஆயுள் 2 ஆண்டு, அடுத்ததன் அரை ஆயுள் 30 ஆண்டு. தொடக்கத்தில் இரண்டும் ஏறத்தாழ சம அளவு கதிரியக்கத்தோடு மண்ணில் விழுந்தன. மழையோடு இறங்கியவை உழப்படாத நிலங்களில் மேல்மண்ணின் ஐந்து சென்டிமீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிட்டன. ஆண்டுக்கணக்கில் மழை பெய்தும் கீழே இறங்கவில்லை. சாதாரணமாக யோசித்தால் இது விநோதம். சோடியம், பொட்டாசியம் குடும்பத்தைச் சேர்ந்தது சீசியம். அதன் உப்புகள் பெரும்பாலும் தண்ணீரில் எளிதாகக் கரையும். மழைக்குக் கரையாமல் அது ஏன் நிற்கிறது?

அந்தக் கேள்விக்கு விடை தெரியாதவரை லீச்சிங் பக்கம் போகக் கூடாது என்பது சென்சேயின் கட்டளை. ஆகவே அமிலப் புட்டிகளைத் தொடும் முன் கிரானைட்டைப் பார்க்கவைத்தார். ஃபுகுஷிமா மாகாணத்தின் கிழக்கே அபுகுமா மலைத்தொடர் பெரும்பாலும் கிரானைட். அது சிதைந்து மண்ணாகும்போது அதிலுள்ள கறுப்பு அப்பிரகம், அதாவது பயோட்டைட், ஓரங்களிலிருந்து உதிரத் தொடங்குகிறது. மழையில் நனைந்து காய்ந்த பழைய நோட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தாள்கள் ஒட்டிக் கிடக்கும், ஓரத்தில் உப்பிப் பிரிந்திருக்கும். சிதைந்த அப்பிரகமும் அப்படித்தான். ஒட்டிய நடுப்பகுதிக்கும் பிரிந்த ஓரத்துக்கும் இடையிலுள்ள ஆப்பு வடிவ இடுக்குதான் சீசியத்துக்கு வாகான இடம். சீசியம் அயனி தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை எளிதில் உதறிவிடும். உதறியதும் அந்த இடுக்கில் அளவெடுத்தாற்போல் பொருந்தும். சோடியமும் கால்சியமும் நீர்ப் போர்வையோடு வருவதால் உள்ளே நுழைய முடியாது. போட்டியிடக்கூடியவை கிட்டத்தட்ட அதே பருமனுள்ள பொட்டாசியமும் அம்மோனியமும் மட்டும். இப்படிப்பட்ட இடுக்குகள் மண்ணில் மிகக் குறைவு. ஆனால் வந்து சேர்ந்ததோ கிலோவுக்கு 3 நானோகிராம். அவ்வளவுக்கு இடம் தாராளம்.

எங்கள் ஊர்ப்பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு, அதிலுள்ள தோரியத்தை எடுக்க எரிசோடாவையோ கந்தக அமிலத்தையோ சூடாக்கி மோனசைட்டையே சிதைக்க வேண்டும் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். சென்சே கேட்டுவிட்டு, "அது கொடுத்துவைத்த வேலை. நூற்றுக்கு எட்டு, பத்து பங்கு தோரியம் இருக்கிறது. சிதைத்ததற்குப் பலன் உண்டு. இங்கே எதைச் சிதைத்து எதை எடுக்கப்போகிறீர்கள்?" என்றார். அந்தக் கேள்வியை அவர் பலவிதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

வேலையின் முதல் பாடம் மண்ணைக் காயவைப்பது. அடுப்பில் வைத்து அவசரமாக உலர்த்தக் கூடாது. சூடு ஏறினால் களிமண் அடுக்குகள் நெருங்கி மூடிக்கொள்ளும், அதுவரை பாதிப் பிடியில் இருந்த சீசியமும் முழுப்பிடியில் சிக்கும். நிழலில், காற்றில், தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். பிறகு இரண்டு மில்லிமீட்டர் சல்லடை. அடுத்து மண்ணைக் கூம்பாகக் குவித்து, தட்டி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்து மறுபடி குவிப்பது. தராசில் ஐந்து கிராம் வைக்கும்போது அது முழு மூட்டைக்கும் பிரதிநிதியாக இருக்க வேண்டுமே. இதில் சலிப்படையாதவர்தான் அடுத்த மேசைக்குப் போகலாம்.

பாதுகாப்பு விதிகள் ஏராளம். கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நுழையும்போது செருப்பை மாற்ற வேண்டும், மார்பில் கதிரளவு பேட்ஜ், இரட்டைக் கையுறை, தட்டில் உறிஞ்சுதாள், வெளியே வரும்போது கைகால்களை அளக்கும் கருவியில் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு சென்சே சொன்னது: "இந்த மண்ணுக்குப் பயப்படும் நேரத்தில் அமிலத்துக்குப் பயப்படுங்கள்." எங்கள் மேசையில் இருந்த சில கிராம் மண்ணைவிட, மிச்சத்தை முழுதாகக் கரைக்கப் பயன்படுத்திய ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் பலமடங்கு கொடியது. தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்புவரை போகும். அந்தப் புகைக்கூண்டின் பக்கத்தில் கால்சியம் குளுக்கனேட் களிம்பு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். களிம்பின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அந்தப் புட்டியைத் திறப்பார்.

அடுத்தது படிப்படியாகக் கரைத்தல். 1979இல் டெசியரும் உடன் ஆய்வாளர்களும் வகுத்த ஐந்துபடி முறை இந்தத் தொழிலின் அரிச்சுவடி. முதலில் மெக்னீசியம் குளோரைடு போன்ற மென்மையான உப்புக் கரைசல், அடுத்து அசிடேட், பிறகு இரும்பு-மாங்கனீசு ஆக்சைடுகளைக் கரைக்கும் ஹைட்ராக்சிலமின், பிறகு மட்கைச் சிதைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, கடைசியாகப் படிகங்களையே விழுங்கும் வன்அமிலம். எந்தப் படியில் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்த்தால், பொருள் மண்ணில் எங்கே ஒட்டியிருந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். ஸ்ட்ரான்சியம் பெரும்பாலும் முதல் படிகளிலேயே இறங்கிவிடும். அது கால்சியத்தின் இனம், வாசலில் நிற்கும் விருந்தாளி. சீசியமோ பெரும்பகுதி கடைசிப் படிவரை அசையாது. ஃபுகுஷிமா மண்ணை ஒரு மோலார் அம்மோனியம் அசிடேட்டில் குலுக்கினால், பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு வரும், சில மண்ணில் சற்றுக் கூடுதலாக வரும்.

இங்கேதான் சென்சே என்னை மிக நீண்ட காலம் நிறுத்திவைத்தார். கரைசலில் எவ்வளவு வந்தது என்று அளப்பதோடு புதியவர்கள் திருப்தியடைந்துவிடுவார்கள். அவர் விடமாட்டார். கரைசல், கழுவிய தண்ணீர், வடிதாள், குழாயின் உட்சுவரில் ஒட்டியது, அடியில் மிஞ்சிய மண், அத்தனையையும் ஜெர்மேனியம் டிடெக்டரில் வைத்து எண்ண வேண்டும். திரவ நைட்ரஜனில் குளிரவைத்த அந்தக் கருவி, 661.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் எழும் முகட்டைக் கொண்டு சீசியம்-137ஐ அடையாளம் காட்டும். எல்லாவற்றையும் கூட்டினால் தொடக்கத்தில் இருந்த அளவோடு ஒட்ட வேண்டும். உதாரணத்துக்கு, நூறு பெக்கரல் மண்ணில் கரைசல் 12, கழுவுநீர் 3, மிச்சம் 83 என்று 98 வந்தால் தலையசைப்பார். 80 வந்தால் மறுபடி முதலிலிருந்து. சரியாக நூறு வந்தால் முகத்தைச் சுளித்து, "யார் கண்ணிலோ தூசி போட்டிருக்கிறீர்கள்" என்பார்.

கூட்டல் ஒட்டினாலும் ஒரு பொறி உண்டு. கழுவும் கடைசித் தண்ணீரில் உப்பு குறைந்துபோவதால் களிமண் துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்கலங்கலாக மிதக்கும். 0.45 மைக்ரான் வடிதாளையும் தாண்டிவிடும். அவற்றில் ஒட்டிய சீசியமும் தாண்டும். கருவிக்குத் தெரிவது 'கரைந்த சீசியம்'. உண்மையில் கரைந்தது ஒன்றுமில்லை, மண்ணே வெளியே வந்திருக்கிறது. சென்சே ஒரே கரைசலை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சாதாரண வடிதாளிலும் இன்னொன்றை மூலக்கூறு அளவில் வடிக்கும் சவ்விலும் செலுத்திக் காட்டினார். இரண்டு எண்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்த பிறகு, வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் எந்த வடிதாள் பயன்படுத்தினார்கள் என்ற வரியைத்தான் முதலில் தேடுகிறேன்.

அவர் காட்டிய இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. அதே கதிர்ப்பதிவில் வலது கோடியில், 1460.8இல், இன்னொரு முகடு இருக்கும். அது பொட்டாசியம்-40. உலகம் தோன்றிய நாள்முதல் எல்லா மண்ணிலும் இருப்பது, விபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொட்டாசியத்தின் பெரும்பங்கு அப்பிரகம், ஃபெல்ட்ஸ்பார் படிகங்களின் உடம்பிலேயே கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே கரைசலில் சீசியத்தோடு சேர்ந்து அந்த முகடும் தலைகாட்டினால், சீசியம் மட்டும் கழன்று வரவில்லை, படிகமே கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். "இந்த முகடு உங்கள் கண்காணி" என்றார்.

கண்காணியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேதிப்பொருளாகப் பழகினேன். நைட்ரிக் அமிலம் முரடன். 2011லேயே ஸுகுபா நகரிலுள்ள தேசியத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தினர், நீர்த்த நைட்ரிக் அமிலத்தை அழுத்தக் கலத்தில் 200 டிகிரிவரை சூடாக்கினால் மண்ணிலிருந்து சீசியம் ஏறத்தாழ முழுதும் இறங்கிவிடும் என்று அறிவித்தார்கள். அது உண்மைதான். டெஃப்லான் உட்சுவர் கொண்ட எஃகுக் கலத்தில் அப்படிச் சூடாக்கி, ஆறவைத்துத் திறந்தால், பழுப்பாக உள்ளே போனது வெளிறிப்போய் வருகிறது. இரும்பும் அலுமினியமும் கணிசமாகக் கரைசலுக்குப் போய்விட்டன. மட்கு இல்லை, உரம் பிடிக்கும் திறன் இல்லை. பெயருக்கு மணல். ஆக்சாலிக் அமிலம் சற்று நாகரிகமானது. அது இரும்பைக் கவ்விக்கொள்வதால், இரும்பு நிறைந்த பயோட்டைட்டின் அடுக்குகளைக் குறிபார்த்துத் தளர்த்தும். ஆனாலும் அடுக்கைக் கரைத்துத்தான் அதுவும் உள்ளே போகிறது.

பொட்டாசியத்தையும் அம்மோனியத்தையும் அள்ளிப் போட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். போட்டிக்காரர்கள் அவர்கள்தானே. ஓர எல்லையில் இருக்கும் சீசியத்தை அவை இடம்பெயர்க்கும். ஆனால் தாங்களே உள்ளே போய் உட்கார்ந்ததும் நீரை உதறி, அடுக்குகளை இழுத்து மூடிவிடும். உள்ளே இருந்த சீசியத்துக்கு வெளியேறும் வழி அடைபட்டுவிடும். மெக்னீசியம் நேர்மாறு. பெரிய நீர்ப் போர்வையோடு வரும் அது, அதிகச் சூட்டில் அடுக்குகளுக்குள் நுழைந்து இடைவெளியை அகட்டும். 200 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் சூடாக்கிய மெக்னீசியம் உப்புக் கரைசலை மாற்றி மாற்றி ஊற்றினால், படிகத்தை அவ்வளவாகச் சிதைக்காமலே சீசியத்தைப் பெருமளவு வெளியேற்றலாம் என்று டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தத் தொழிலில் நான் பார்த்த வழிகளில் அழகானது இதுதான். அழுத்தக் கலமும் சூடும் மட்டும் விலகவில்லை.

சாம்பல் இதற்கெல்லாம் விதிவிலக்கு. அசுத்தமான இலைதழைகளை எரித்த உலைகளின் பறக்கும் சாம்பலில் சீசியம் பெரும்பாலும் குளோரைடாக இருக்கும். வெறும் தண்ணீரிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். அதே உலையின் அடிச்சாம்பலில் கண்ணாடியாக உறைந்துபோயிருக்கும், தண்ணீர் ஒன்றும் செய்யாது. விபத்தின்போதே கண்ணாடியாக உறைந்து பறந்துவந்த நுண்துகள்களும் உண்டு. அணுமின் நிலையத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஸுகுபாவில் காற்று வடிதாளில் சிக்கிய அவற்றைப் பற்றி 2013இல் அடாச்சி குழுவினர் எழுதினார்கள். சில மைக்ரான் பருமனுள்ள சிலிக்கேட் கோளங்கள். மென்மையான எந்தக் கரைசலும் அவற்றை அசைக்காது. ஒரே மூட்டை மண்ணில் மூன்று வகைச் சீசியம் இருந்தால், மூன்றுக்கும் ஒரே மருந்து எங்கே இருக்கிறது?

இனி கரைசலின் கதை. சீசியத்தை இறக்கிவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னால் சென்சேயின் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "இப்போது அது எங்கே இருக்கிறது?" கதிரியக்கத்தை எந்த அமிலமும் அழிக்காது. மண்ணில் இருந்தது தண்ணீருக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. மண்ணாவது ஓரிடத்தில் கிடந்தது, தண்ணீர் ஓடும். அதைப் பிடித்து நிறுத்த இருக்கவே இருக்கிறது பிரஷ்யன் நீலம். ஓவியர்களின் பழைய நீல நிறமி. அதன் படிகக் கூண்டுகளில் சீசியம் கச்சிதமாகப் போய் உட்காரும். சோடியமும் பொட்டாசியமும் எத்தனை மடங்கு இருந்தாலும் சீசியத்தையே தேர்ந்தெடுக்கும். 1987இல் பிரேசிலின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்த சீசியம் குளோரைடு தூளைத் தெரியாமல் கையாண்டவர்களுக்கு இதையே மருந்தாகக் கொடுத்தார்கள்.

நீலம் சிறந்ததுதான், ஆனால் குணம் பார்த்துப் பழக வேண்டும். காரத்தன்மை மிகுந்தால் கரைந்து சிதையும். சூடான வன்அமிலத்தில் போட்டால் சயனைடு வாயு கிளம்பக்கூடும். ஆகவே முதலில் கரைசலை ஆறவைத்து, அமிலத்தைத் தணிக்க வேண்டும். தணிக்கத் தொடங்கினால் மண்ணிலிருந்து கரைந்துவந்த இரும்பும் அலுமினியமும் கொழகொழவென்ற சேறாக வீழ்படியும். வடியாது, உலராது, வடிதாளை அடைத்துவிடும். அது சிறிது சீசியத்தையும் வைத்துக்கொள்ளும். ஆக, இருந்த ஒரு கழிவு மூன்றாகிறது: வெளிறிய மண், சேறு, நீலம். கடைசியில் உள்ளது மட்டும் கைப்பிடி அளவு, ஆனால் கதிரியக்கம் பலமடங்கு செறிந்தது. அதை ஒருவர் காலகாலத்துக்கும் காவல் காக்க வேண்டும். கரைப்பதில் எனக்குப் பிடிபட்ட திறமையைவிட, கரைத்ததைத் தணித்து வடிப்பதில் அந்த மனிதருக்கு இருந்த பொறுமை எத்தனையோ மடங்கு பெரியது. ஒவ்வொரு சொட்டாகக் காரத்தை விடுவார். சேறு தெளிய இரவு முழுதும் விட்டுவைப்பார். அவசரப்படும் மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

சீசியத்தோடு ஒப்பிட்டால் யுரேனியம் சாது. ஆறு ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கும் யுரேனியம் கார்பனேட்டோடு எளிதாகச் சேர்ந்து கரைந்துவிடும். மண்ணின் மற்ற பகுதிகளை கார்பனேட் அவ்வளவாகத் தொடாது. ஆந்திராவின் கடப்பை மாவட்டத்தில் தும்மலப்பள்ளி ஆலை தாதுவிலிருந்து யுரேனியம் எடுப்பது இந்தக் காரவழியில்தான். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்து ஃபெர்னால்டில் 1951 முதல் 1989 வரை அணு ஆயுதத் திட்டத்துக்கு யுரேனியம் உலோகம் தயாரித்த ஆலையைச் சுற்றியிருந்த மண்ணை, 1990களில் ஓக் ரிட்ஜ் ஆய்வாளர்கள் பைகார்பனேட்டால் கழுவிப் பார்த்தார்கள். புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஏ.ஜே. பிரான்சிஸும் கிளீவ்லண்ட் டாட்ஜும் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்தைக் கொண்டு கரைத்து, பிறகு நுண்ணுயிர்களையும் ஒளியையும் வைத்து அந்தக் கரைசலைப் பிரிக்கும் வழியைச் செய்துகாட்டினார்கள். கழிவுச் சேற்றைக் குறைக்கும் அந்த யோசனையை சென்சே மிகவும் மதித்தார். இருந்தும் ஃபெர்னால்ட் மண் கடைசியில் என்னவானது? பெரும்பாலும் தோண்டி, அதே வளாகத்தில் கட்டிய பிரம்மாண்டமான புதைகுழியில் அடைத்து மூடினார்கள். 2006இல் பணி முடிந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சோர்வாக இருந்தது. ஃபுகுஷிமாவுக்கு மண் எடுக்கப் போனபோது சோர்வுக்குக் காரணம் புரிந்தது. ஒரு கனமீட்டர் பிடிக்கும் கறுப்புப் பைகள் வயல்களில் அடுக்கடுக்காக நின்றதைப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நேரில் பார்க்கும்போது அளவு வேறு. ஒக்குமா, ஃபுதாபா ஆகிய இரண்டு ஊர்களில் 1,600 ஹெக்டேரில் அமைந்த இடைக்காலச் சேமிப்பு வளாகத்துக்கு வந்து சேர்ந்தது சுமார் 1.4 கோடி கனமீட்டர். கனமீட்டருக்கு ஒன்றரை டன் என்று வைத்தால் 2 கோடி டன்னுக்கு மேல். ஒரு பங்கு மண்ணுக்குப் பத்துப் பங்கு கரைசல் என்ற எங்கள் ஆய்வகக் கணக்கில் 20 கோடி டன் கரைசல் வேண்டும். அத்தனையையும் அழுத்தக் கலத்தில் 200 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், பிறகு ஆறவைத்துத் தணித்து வடிக்க வேண்டும். கிலோவுக்கு 3 நானோகிராமுக்காக.

ஒரு விவசாயியிடம் பேச்சுக் கொடுத்தோம். அவருடைய வயலில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, மலைச்சரிவிலிருந்து கொண்டுவந்த மணற்பாங்கான மண்ணை நிரப்பியிருந்தார்கள். தலைமுறைகளாக எருவும் வைக்கோலும் போட்டுச் செய்த மண் பையில் போய்விட்டது. நாங்கள் மண்ணைக் கழுவும் ஆய்வு செய்பவர்கள் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "கழுவிய மண்ணைத் திருப்பித் தருவீர்களா? அதில் நெல் வருமா?" சென்சே தலைகுனிந்து, நாங்கள் கழுவுவதில் நெல் வராது என்றார். பூசி மெழுகவில்லை.

நெல்லைக் காப்பாற்றிய வழி வேறு, அதில் லீச்சிங்கே கிடையாது. மண்ணில் சீசியம் எவ்வளவு இறுக்கமாகச் சிக்கியிருக்கிறதோ அவ்வளவுக்குப் பயிருக்கு நல்லது. எங்களுக்குப் பகையான அந்த அப்பிரகம் உழவருக்குத் தோழன். 2011இல் சூரியகாந்தி சீசியத்தை உறிஞ்சிவிடும் என்று நம்பி விதைத்தார்கள். விவசாய அமைச்சகம் அளந்து பார்த்தபோது, மண்ணிலிருந்ததில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் செடியில் ஏறியிருந்தது. வயலில் பொட்டாசியம் உரத்தைக் கூட்டிப்போட்டால் வேர் சீசியத்தை இன்னும் குறைவாக எடுக்கும். அதைத்தான் செய்தார்கள். மாகாணத்தில் விளைந்த அரிசி மூட்டைகள் அனைத்தையும் 2012 முதல் அளந்தார்கள். 2015 அறுவடைமுதல் கிலோவுக்கு 100 பெக்கரல் என்ற வரம்பை ஒரு மூட்டையும் தாண்டவில்லை.

அப்படியானால் நான் கற்ற தொழிலுக்கு என்ன இடம்? சிறிய இடம்தான், ஆனால் உண்மையான இடம். மணற்பாங்கான மண்ணைத் தண்ணீரில் அலசிச் சல்லடையிட்டால் சீசியத்தில் பெரும்பங்கு நுண்களியோடு போய்விடும், மணல் பெரும்பாலும் தப்பிவிடும். அந்தக் களி மட்டும், அதிலும் கதிரியக்கம் மிகுந்த பங்கு மட்டும், கரைத்துச் செறிவாக்கத் தகுந்தது. பறக்கும் சாம்பல் தகுந்தது. மீதிக்கு மண்வெட்டியும் காலமும் போதும். சேமிப்பு வளாகத்து மண்ணில் முக்கால் பங்கு ஏற்கெனவே கிலோவுக்கு 8,000 பெக்கரலுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதைச் சாலை, கரை போன்ற பொதுப்பணிகளில் அடியில் போட்டு, மேலே நல்ல மண்ணால் மூடலாம் என்பது அரசின் திட்டம். மக்கள் நம்ப வேண்டும் என்பதற்காக 2025 ஜூலையில் பிரதமர் அலுவலக வளாகத்துப் பூந்தோட்டத்திலேயே கொஞ்சம் கொட்டி மூடினார்கள். திட்டம் எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. மக்களின் தயக்கமும் எனக்குப் புரிகிறது. அணுமின் நிலையம் பாதுகாப்பானது என்று விபத்துக்கு முன் சொன்னவற்றை அவர்கள் மறக்கவில்லை.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் வேதியியல் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். 'மண்ணிலிருந்து 99 சதவீதம் நீக்கினோம்' என்ற தலைப்பைப் பார்த்ததும் செய்முறைப் பக்கத்தைத் திருப்புங்கள். ஆய்வகத்தில் நேற்றுச் சீசியத்தை ஊற்றிக் கலந்த களிமண்ணா, ஆண்டுக்கணக்கில் வெளியில் கிடந்து இறுகிய மண்ணா என்று பாருங்கள். முந்தையதில் வருவது பிந்தையதில் வராது. ஒரு கிலோவுக்கு எத்தனை லிட்டர் செலவானது, மிச்ச மண்ணை அளந்தார்களா, கரைசலை என்ன செய்தார்கள் என்று தேடுங்கள். கடைசிக் கேள்விக்குப் பல கட்டுரைகளில் ஒரு வரிகூட இருக்காது.

ஃபுகுஷிமா மண்ணை 2045 மார்ச்சுக்குள் அந்த மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோய் இறுதியாக அடக்க வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். அதற்குள் சீசியம்-134 ஏறத்தாழ இல்லாமலே போயிருக்கும், சீசியம்-137 பாதிக்கும் சற்றுக் கீழே குறைந்திருக்கும். எந்த ஊருக்குக் கொண்டுபோவது என்பது இதை எழுதும்வரை முடிவாகவில்லை.